நூற்றிரண்டிலிருந்து தொண்ணூறுக்கு

19 ஜூன் 2024, புதன்

மழை பிடித்துக்கொண்டது. கிளினிக்கில் பாதி அப்பாயின்ட்மென்ட் ரத்து. எனக்கு இப்படிப்பட்ட நாள் என்றால் தேங்கிக் கிடக்கும் ரிப்போர்ட்டுகளை முடிக்கும் நாள். இன்று ஆறு முடித்தேன்.

மாதுங்காவில் இந்த மேசையில் உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஷ்யாமளா மேடம் பிள்ளைகளைச் சோதிக்கிறார். நான் விடைத்தாள்களை அடுக்கி, அட்டவணை போட்டு, ரிப்போர்ட்டாக அடிக்கிறேன். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரே ஒரு எண், மொத்த ஐக்யூ. நூறு என்றால் நடுத்தரம். அதற்குக் கீழே ஐந்து வரி: சொல்லைப் புரிந்துகொள்வது, கண்ணால் பார்த்து அடுக்குவது, புதிதாக ஒன்றை யோசித்து அவிழ்ப்பது, கேட்டதை மனதில் பிடித்து வைப்பது, வேகம். எந்தப் பெற்றோரும் அந்த ஐந்து வரிகளைப் படித்து நான் பார்த்ததில்லை. மொத்தத்தைப் பார்த்ததும் சிலர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். சிலர் அழுவார்கள். நான் தண்ணீர் கொடுப்பேன்.

சாயங்காலம் மகள் செல்வியின் கிளாஸ் டீச்சர் போன் செய்தார். சனிக்கிழமை வரச் சொல்கிறார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு "ஆயியே, பாத் கரேங்கே" என்று மட்டும் சொன்னார், வாருங்கள் பேசலாம் என்று.

22 ஜூன், சனி

செல்வி இப்போது ஒன்பதாவது. வகுப்பில் அறுபத்திரண்டு பேர். டீச்சர் அவளுடைய அறிவியல் நோட்டை என் முன்னால் விரித்தார். போர்டில் இருந்ததில் பாதிதான் எழுதியிருக்கிறாள். அந்தப் பாதியிலும் எழுத்துகள் விட்டுப் போயிருக்கின்றன. அடுத்த பக்கத்தில் இதயத்தின் படம். புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவு. ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறியெல்லாம் போட்டிருக்கிறாள். பெயர்கள் மட்டும் எழுதவில்லை. டீச்சர் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே திருப்பிவிட்டார்.

கோபமாகக்கூடப் பேசவில்லை அவர். எட்டாவது வரை தள்ளிவிட்டோம், இனி முடியாது என்றார். ஒரு ஐக்யூ டெஸ்ட் எடுத்து வாருங்கள், கம்மியாக இருந்தால் அதற்கேற்ற பள்ளி இருக்கிறது, இல்லையென்றால் பத்தாவதை 17 நம்பர் ஃபார்ம் போட்டு எழுதட்டும் என்றார்.

17 நம்பர் ஃபார்ம். பள்ளியில் உட்காராமல் வெளி மாணவியாகப் பத்தாவது எழுதுவது. எங்கள் சந்தில் அப்படிப் போன நான்கு பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒருத்தர்கூட அந்தப் பரீட்சை ஹாலுக்குப் போய்ச் சேரவில்லை.

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று டீச்சருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

24 ஜூன், திங்கள்

மேடத்திடம் கேட்டேன். "ஸ்டாஃப் கொழந்தைய நான் டெஸ்ட் பண்ணப்படாது, விஜயா. செம்பூர்ல சுஷ்மா இருக்கா, நம்மகிட்ட கத்துண்ட பொண்ணுதான். அவகிட்ட அனுப்பறேன்" என்றார். அப்புறம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எதுக்குன்னு கேக்கலாமா?"

"ஸ்கூல்ல கேக்கிறாங்க மேடம். சும்மா ஃபார்மாலிட்டி."

ஜூலை 20 தேதி கொடுத்திருக்கிறார்கள்.

30 ஜூன், ஞாயிறு

நேற்று கிளினிக்கிலிருந்து இரண்டு தாள் பையோடு வந்துவிட்டது.

வந்துவிட்டது என்று எழுதுகிறேன். நான்தான் எடுத்து வந்தேன்.

ஒன்று, எண்களை வாசித்துக் காட்டி அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்லும் தாள். பிறகு பின்னாலிருந்து முன்னாக. மற்றதில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சின்னக் குறி. இரண்டு நிமிடத்தில் எத்தனை கட்டம் நிரப்ப முடியுமோ அத்தனை. இந்த இரண்டில்தான் செல்வி விழுவாள். கடைக்கு அனுப்பி மூன்று சாமான் சொன்னால் இரண்டோடு வருகிறவள். இரண்டும் விழுந்தால் மொத்தமும் சேர்ந்து விழும். அந்த எண்ணைத்தான் டீச்சர் பார்ப்பார்.

பழக்காமல் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிற அம்மா யார்? ஐந்தாவது ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குக்கூட நம் ஆட்கள் ஒரு வருடம் டியூஷன் வைக்கிறார்கள். இதற்கு மட்டும் என்ன?

இது அப்படிப்பட்ட பரீட்சை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

8 ஜூலை, திங்கள்

தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் இல்லை, கிளினிக் இல்லை, பள்ளி இல்லை. எங்கள் சந்தில் கணுக்கால் அளவு. இரண்டு சந்து தள்ளி சாயிரா வீட்டில் சாமானெல்லாம் கட்டில் மேல் ஏறிவிட்டதாம். டிவியில் மும்பை முழுவதற்கும் ஒரே ஒரு மழை அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாள் முழுக்கப் பழக்கினேன். எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ராகம் போட்டுக் கொடுத்தேன். அதே எண்கள், அதே வரிசை.

"மம்மி, இது பேப்பர் லீக் ஆன மாதிரி இல்ல?"

"பேசாம சொல்லுட்டி."

"சொல்றேன். மாட்டினா நீதான் உள்ள போவ. நான் மைனர்."

என் வீட்டுக்காரரும் இன்று ஒர்க்‌ஷாப் போகவில்லை. அறுந்த செருப்பைத் தைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன பாடம் இது, பாட்டு கெணக்கா சொல்லுதா?" என்றார். ஞாபகசக்திக்கு என்றேன். "அப்ப எனக்கும் சொல்லிக்குடு" என்றார். சிரித்தேன்.

குறித் தாளை இருபத்துமூன்று ஜெராக்ஸ் எடுத்திருந்தேன். கடைசித் தாளில் மேலே இருக்கும் குறிகளைப் பார்க்காமலே போட்டுக்கொண்டு போனாள்.

20 ஜூலை, சனி

செம்பூர். ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்ததும், "பிளாக்ஸ் செம மஜா மம்மி. உன் பாட்டும் வந்துச்சு" என்றாள்.

சுஷ்மா பக்கத்தில்தான் நின்றாள். என்ன பாட்டு என்று கேட்கவில்லை. இளம் பெண், சிரித்த முகம். அடுத்த குழந்தை காத்திருந்தது.

3 ஆகஸ்ட், சனி

நூற்றிரண்டு.

சொல் தொண்ணூற்று நான்கு. அடுக்குவது நூற்றுப் பதினேழு. யோசிப்பது நூற்று மூன்று. மனதில் பிடிப்பது தொண்ணூற்றேழு. வேகம் நூறு. அந்த நூற்றுப் பதினேழைத் தவிர கிட்டத்தட்ட சமதரை. கீழே: "கற்றலில் தனிக் குறைபாடு எதற்கும் அறிகுறி இல்லை. முயற்சியும் ஒழுங்கான படிப்புப் பழக்கமும் தேவை."

வரும் வழியில் மாதுங்காவில் இறங்கி மைசூர்பாகு வாங்கினேன். பாஸான மாதிரி இருந்தது. நான் பாஸான மாதிரி.

5 ஆகஸ்ட், திங்கள்

டீச்சர் ரிப்போர்ட்டைப் படித்தார். முகம் மலர்ந்தது. "அப்போ மூளையில் குறை இல்லை. காம்சோர். அவ்வளவுதான்" என்றார் ஹிந்தியில். வேலைக்கள்ளி. இனிமேல் போர்டில் இருப்பதை முழுக்க எழுதாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூடாதாம். உங்கள் பிள்ளையின் நன்மைக்குத்தான் என்றார். நிஜமாகவே நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அதுதான் கஷ்டம்.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

14 ஆகஸ்ட், புதன்

டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. மூன்றாவது தடவை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவளாகக் கேட்டாள்.

"மம்மி, நூத்திரெண்டுன்னா நான் மக்கு இல்ல. சரியா?"

"இல்லவே இல்லட்டி."

"அப்போ நான் எழுதாம விடறது வேணும்னே பண்றதா?"

"யாரு சொன்னா?"

"டீச்சர் சொல்றாங்க. நீ வாங்கிட்டு வந்த பேப்பர்லயும் அதான் இருக்குதாம். எனக்கு அப்படித் தோணல. ஆனா ரெண்டு பேரும் சொல்றப்போ... நான் வேணும்னேதான் பண்றேனோ என்னமோ."

மடித்த துணியையே மறுபடி மடித்தேன். அந்தக் காகிதம் பொய் என்று எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாது. பழகியதால் தனக்கு உண்மையிலேயே வந்துவிட்டது என்று நம்புகிறாள். அப்படி வந்தும் போர்டில் இருப்பதை எழுத முடியாததால் தன்மேலேயே சந்தேகப்படுகிறாள்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

காலையில் செல்வி நோட்டில் இரண்டு பக்கம் காப்பி எழுத உட்கார்ந்தாள். பதினொன்றரைக்கு அரைப் பக்கம். நான் கத்திவிட்டேன். இவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றார்.

"ஏட்டி, அவள என்னத்துக்கு வையுத?"

"ஒரு வரி பாத்து எழுத ஒம்பது நிமிசம். நீங்களே பாருங்க."

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. செல்வியைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். "என்னையும் சோம்பேறின்னுதான் சொன்னாவ. வரி முடியதுக்குள்ள மொத எழுத்து என்னன்னு மறந்துரும். திரும்ப மொதல்லருந்து. அதுக்குள்ள வாத்தியார் அழிச்சிருவாரு. ஏழாவதோட நின்னது வறுமையில இல்ல விஜயா. நானாத்தான் ஓடியாந்தேன்."

பதினேழு வருடமாக இவரோடு குடும்பம் நடத்துகிறேன். வாட்ஸாப்பில் எல்லோருக்கும் வாய்ஸ்தான் அனுப்புவார். வேலைக்கு நடுவே வசதி என்று நினைத்தேன். பள்ளிக் காகிதம் எது வந்தாலும் "நீ பாத்துக்க" என்பார். என் படிப்புக்கு மரியாதை என்று நினைத்தேன். கல்யாணப் பத்திரிகையைக்கூட என் கையில் கொடுத்து "வாசி, உன் வாயால கேப்போம்" என்பவர். அதை ஆசை என்று நினைத்தேன்.

இவர் வேலை பார்க்கும் தோல் பை ஒர்க்‌ஷாப்பில் மாரிசெல்வம் என்றால் கட்டிங்கில் பெரிய பெயர். தழும்பும் ஓட்டையுமாக ஒரு தோலை விரித்துப் போட்டால் எந்தத் துண்டு எங்கே உட்காரும் என்று தொடாமலே சொல்வார். மற்ற மாஸ்டர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்த மனிதரால் ஒரு வரியைப் பார்த்து எழுத முடியாது.

செம்பூர் ஃபார்மில் ஒரு கேள்வி இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது படிக்க, எழுதச் சிரமம் உண்டா? யோசிக்காமல் இல்லை என்று எழுதினேன்.

அந்த இரண்டு தாளைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டார்.

"அப்ப அந்த நம்பரு அவளுது இல்லியா?"

"இல்ல."

"பின்ன யாருது?"

 

1 செப்டம்பர், ஞாயிறு

சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும். சோதனைத் தாள் வெளியே போவது எங்கள் இடத்தில் மன்னிக்கக்கூடிய காரியம் இல்லை. அதைக்கூடத் தாங்கலாம்.

இன்னொரு பயம்தான் பெரிது. படிப்பதில் மட்டும் தனிக் குறை உள்ள பிள்ளைகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அது இருந்தால் பத்தாவதில் கூடுதல் நேரம் உண்டு, கேள்வியை வாசித்துக் காட்ட ஆள் உண்டு, சொல்லச் சொல்ல எழுத ஆள் உண்டு. ஆனால் மொத்தம் எண்பத்தைந்துக்குக் கீழே போனால் பொதுவாகவே மந்தம் என்று ஒதுக்கிவிடுவார்கள், அந்தச் சான்றிதழ் வராது. இப்படித் திரும்பிப் போனவர்களின் ரிப்போர்ட்டை நானே அடித்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லி, உண்மையான எண் எண்பத்திரண்டு என்று வந்துவிட்டால்? இப்போது காம்சோர். அப்போது மக்கு. இரண்டில் எதை என் பிள்ளைக்கு நான் தேர்ந்தெடுப்பது?

9 செப்டம்பர், திங்கள்

கணபதி லீவு முடிந்து கிளினிக். இன்றும் சொல்லவில்லை.

19 செப்டம்பர், வியாழன்

சொல்லிவிட்டேன்.

மேடம் முதலில் கேட்டது, "எந்தத் தாள்?" சொன்னேன். "எத்தனை நாள் பழக்கினே?" மூன்று வாரம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கப்போர்டு சாவி உங்கிட்டதானே இருக்கு. பதினோரு வருஷமா ஒரு நாள் திரும்பிக் கேட்டிருக்கேனா நான்?"

சாவியை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அவளுக்கு என்ன வரலேங்கறதுதான் எனக்கு வேண்டிய சேதி, விஜயா. அத நீ துடைச்சுட்டே. நூத்தியம்பது வந்திருந்தாலும் அது எனக்கு வெத்துத் தாள்."

"நாளைக்கு வரலாமா மேடம்?"

"தெரியலை. போன் பண்றேன்."

21 செப்டம்பர், சனி

போன் இல்லை.

24 செப்டம்பர், செவ்வாய்

வரச் சொன்னார். போய் நின்றேன். உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் பெற்றோர் உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்தது இன்றுதான்.

ஒரு காகிதத்தில் ஐந்து கம்பம் வரைந்தார், எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். "இது நீ கொண்டு வந்தது." பக்கத்தில் இன்னும் ஐந்து, மூன்று உயரம், இரண்டு குட்டை. "இது ஒருவேளை உன் பொண்ணு. எனக்குத் தெரியாது, ஊகம்தான்."

அப்புறம் சொன்னதை நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். "மொத்தம்ங்கறது பொய் இல்லே. விதவிதமா பத்து வேலை குடுத்தா, ஒண்ணுல நன்னா பண்றவா மத்ததுலயும் சுமாரா நன்னாத்தான் பண்றா. எல்லாத்துக்கும் அடியில பொதுவா ஒரு தெறமை ஓடறதுன்னு சொல்றது அத வெச்சுத்தான். அதனாலதான் கூட்டறோம். ஆனா ஒவ்வொரு வேலைக்கும் அதுக்குன்னு தனியா ஒரு சாமர்த்தியமும் வேணும். அது ஒரேயடியா மேலயும் கீழயுமா இருந்தா, அந்தக் கொழந்தைய மொத்தத்த வெச்சு எடை போடப்படாது. மேடு பள்ளம்தான் அங்க விஷயம்."

நான் பள்ளத்தை மண் போட்டு மூடினேன். மேட்டுக்கும் அதனால் மதிப்பில்லாமல் போயிற்று.

எண்பத்தைந்தைப் பற்றிய பயத்தையும் சொன்னேன். மேடம் முதல் தடவையாகக் கோபப்பட்டார். "மனசுல பிடிக்கறதையும் வேகத்தையும் தள்ளி வெச்சுட்டு, மத்ததை மட்டும் கூட்டிப் பாக்கற கணக்கு ஒண்ணு உண்டே. நீதானே போன வருஷம் ரெண்டு ரிப்போர்ட்ல அத டைப் பண்ணினே. ஆஸ்பத்திரில ஒத்துப்பாளோ மாட்டாளோ, வாதாடலாம். என்னண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

டைப் பண்ணினேன். படிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைக்கும் பெற்றோரைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது?

வேலை போகவில்லை. சாவி இனி மேடத்திடம். விடைத்தாள் என் மேசைக்கு வராது, முடிந்த ரிப்போர்ட்டை மட்டும் நான் அடிக்க வேண்டும். சுஷ்மாவிடமும் பள்ளியிலும் நானே போய்ச் சொல்ல வேண்டும். மேடம் சொல்ல மாட்டார். செல்விக்கு வேறு ஒரு சோதனை, நான் கண்ணால்கூடப் பார்க்காதது, அரசு ஆஸ்பத்திரியில். வரிசை நீளம், பிப்ரவரி ஆகும்.

28 செப்டம்பர், சனி

சுஷ்மா என்னைத் திட்டவில்லை. "அவ பாட்டுன்னு சொன்னா. எனக்குக் காதுல விழுந்தது. கேக்கணும்னு நெனச்சேன், அடுத்த அப்பாயின்ட்மென்ட் நின்னுண்டிருந்தது" என்றாள். ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

பள்ளியில் டீச்சர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அப்போ அது நக்லி, போலி ரிப்போர்ட்டா?" "ரிப்போர்ட் இல்லை, நான்தான் நக்லி" என்றேன் என் உடைந்த ஹிந்தியில். அவர் கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தார். "டப்பா சாப்பிடச் சொல்கிறேன்" என்றார்.

29 செப்டம்பர், ஞாயிறு

செல்வியிடம் சொன்னேன். தான் காம்சோர் இல்லை என்று சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்தேன், அவள் குதிக்கவில்லை.

"நான் காம்சோர் இல்லைன்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"டப்பா திரும்பி வந்தப்போவும் தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் பேச்சில்லை.

2 அக்டோபர், புதன்

"சாம்பார்ல உப்பு இல்ல."

மூன்று நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது. உப்பு எடுத்து வைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஒன்றுமே சொல்லித்தராமல் பிள்ளையை ஒரு பரீட்சைக்கு அனுப்பியது இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நன்றாகத் தூங்கினாயா, பசிக்கிறதா என்று மட்டும் நாலு தடவை கேட்டேன். "மம்மி, நீ டென்ஷன் எடுத்து என்னையும் டென்ஷன் ஆக்காத" என்றாள்.

இவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஃபார்மில் அதே கேள்வி இருந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள், வரிசையில் நிற்கிற பத்துப் பேர் காதிலும் விழும்படி, "எழுது. அப்பாவுக்கு உண்டுன்னு எழுது" என்றார். உள்ளே கூப்பிட்டபோது செல்வி அவர் உள்ளங்கையில்தான் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

18 மார்ச், செவ்வாய்

தொண்ணூறு.

சொல் தொண்ணூற்றிரண்டு. அடுக்குவது நூற்றுப் பதினெட்டு. யோசிப்பது நூற்றாறு. மனதில் பிடிப்பது எழுபத்தொன்று. வேகம் எழுபத்து நான்கு. தனியாக வைத்த வாசிப்புச் சோதனையில் நான்காம் வகுப்பு அளவு.

மேடத்திடம் காட்டினேன். மொத்தம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வரிகளை மட்டும் படித்தார். பிறகு விரலை எடுத்தார். "பன்னெண்டு கொறஞ்சிருக்கு."

"ஆமா மேடம்."

"காப்பி சாப்பிடறியா?" அவரே எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் செல்வி ரிப்போர்ட்டில் இருந்த கம்பங்களை விரலால் தொட்டுக் கேட்டாள். "இது பிளாக்ஸா?" ஆமாம். "இது உன் பாட்டா?" ஆமாம். "இதுல செம அடி வாங்கியிருக்கேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்ததும் இவரும் சிரித்தார். உயரமான கம்பத்தைக் காட்டி, இது என்ன என்று என்னிடம் கேட்டார். பார்த்து அடுக்குவது என்றேன். அந்தக் காகிதத்தை எங்கே வைக்கப் போகிறாய் என்று மட்டும் விசாரித்தார்.

25 ஏப்ரல், வெள்ளி

சான்றிதழ் வந்தது. மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை. கூடுதல் நேரம், வாசித்துக் காட்ட ஆள், எழுத ஆள். எழுதுபவர் ஒரு வகுப்பாவது கீழே படிப்பவராக இருக்க வேண்டும்.

21 ஜூன், சனி

பத்தாவது தொடங்கிவிட்டது. 17 நம்பர் ஃபார்ம் பேச்சே இல்லை. எழுத ஆள் தேடி அலைந்து, கடைசியில் சாயிராவின் மகள் மெஹராஜ் ஒத்துக்கொண்டாள். ஒன்பதாவது. கையெழுத்து அச்சு மாதிரி. சாயிராவுக்குத்தான் சந்தேகம். "இவ எழுதி அவ ஃபெயிலானா என் புள்ள தலையில போட்ருவியளாக்கா?" என்றாள். ஃபெயிலானால் என் தலையில் போடு, அதற்குப் பழக்கம் உண்டு என்றேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

அறிவியல் பாடங்களை நான் போனில் வாசித்துப் பதிவு செய்கிறேன். செல்வி இரண்டு தடவை கேட்டால் போதும். கேட்டதைப் படமாக வரைந்துகொள்கிறாள், படத்தை மறப்பதில்லை. ஆனால் போன மாத யூனிட் டெஸ்டில் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். வாய் திறந்து பதில் சொல்ல வெட்கமாம், தப்பாகச் சொன்னால் மெஹராஜ் என்ன நினைப்பாளோ என்று. இதற்கெல்லாம் சான்றிதழில் வழி இல்லை.

பதிவை ஒர்க்‌ஷாப்பில் இவரும் கேட்கிறார். "லென்சுல ரெண்டு சாதி உண்டு, தெரியுமா?" என்று என்னிடமே பாடம் எடுக்கிறார்.

5 செப்டம்பர், வெள்ளி

செல்வியும் மெஹராஜும் நேற்று சாயங்காலம் முழுக்கப் பழைய கேள்வித்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு விளையாட்டாகச் சொல்லியும் எழுதியும் பார்த்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அடுக்களையில் இருந்தபடி, "ஏய், அது அப்படி இல்ல, நான் சொல்ற மாதிரி எழுது" என்று செல்வி அதட்டுவது கேட்டது.

9 அக்டோபர், வியாழன்

அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது. இன்று அறிவியல் முதல் பேப்பர். சாயங்காலம் கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது சாயிராவின் போன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"விஜயாக்கா, நாளைக்கு எழுத வேற யாரும் கெடைப்பாவளா?"

என்ன ஆயிற்று, செல்வி மறுபடி எழுந்து வந்துவிட்டாளா என்று கேட்டேன்.

"எங்கன எந்திரிச்சா? எந்திரிச்சிருந்தாத்தான் நல்லாருக்குமே. ஒங்க மவ வாய மூடவே மாட்டேங்கா. சப்ளிமென்ட் பேப்பர் ரெண்டு வாங்கிருக்கா. எம்மவ தன் பரீட்சைக்கே இதுவரைக்கும் ஒண்ணு வாங்கினதில்ல. விரலு ரெண்டும் செவந்து போய் உக்காந்திருக்கு. படமெல்லாம் தானே போட்டுட்டாளாம், எழுத்து மட்டும் எம்புள்ள தலையில."

ரயிலில் பக்கத்து சீட்டுப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம், பாவம் அந்தப் பிள்ளை, நாளைக்குக் கொஞ்சம் சுருக்கமாகச் சொல் என்றேன்.

"பாக்கறேன்" என்றாள். "ஆனா நாளைக்கு ரெண்டாவது பேப்பர் மம்மி. அதுல நெறைய இருக்கு."

எத்தனை மார்க் வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்க நினைவே வரவில்லை என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. காலையில் போகிற வழியில் மெஹராஜுக்குக் கை வலிக்காத மாதிரி தடித்த பிடியுள்ள பேனாவாகப் பார்த்து இரண்டு வாங்க வேண்டும்.